குதிகாலுக்கு ஒரு செங்கல்

திண்டிவனத்தில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் ஆண்டோ, வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்தான். மகள் ஜாக்குலினுக்கு வலிப்பு நின்றால் புருஷனை நடக்கவைப்பதாக மாதாவிடம் வேண்டிக்கொண்டவள் வெனிலா. வேண்டுதல் அவளுடையது, கால் அவனுடையது. வலிப்பு நின்றது. காலும் முதல் வருஷமே விழுப்புரத்தில் நின்றுவிட்டது.

பங்கு ஜனமெல்லாம் பாட்டும் கொடியுமாகப் புதுச்சேரி வழியில் போகும். ஆண்டோ மட்டும் விழுப்புரம் வழி, தனியாக. கேட்டால் மௌன விரதம் என்பான். முருகையனின் டீக்கடைப் பின்னறையில் மௌனமாகப் படுத்திருப்பான். கடைசியில் பஸ் ஏறிப் போய்க் கோயில் எண்ணெய் வாங்கி வருவான். எண்ணெயில் பொய் கிடையாது. வழியில் அதே பின்னறையில் இறங்கி, குதிகாலைச் செங்கல்லில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு வீடு சேருவான். வெனிலா வெந்நீரில் மஞ்சள் போட்டு அந்தக் காலைக் கழுவுவாள், கண்கலங்குவாள்.

இந்த வருஷம் சொன்னாள்: "ஏங்க, நானும் கூட நடந்து வர்றேன். பாப்பாவ அக்கா பாத்துக்கும்."

"உனக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு? காலு வீங்கிப் பூடும்."

"உங்களுக்கு வீங்கல?"

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கோபம்கூடப் பெரிதில்லை. நடக்காமலே நின்ற வலிப்பு, விஷயம் வெளியே வந்ததும் திரும்பி வந்துவிட்டால்? "புதுச்சேரி வழியா போலாமா?" என்று கேட்டுப் பார்த்தான்.

"நீங்க எப்பவும் போற வழியிலயே போலாங்க."

விழுப்புரம் வந்தது. டீக்கடைப் பக்கம் தலையைத் திருப்பாமல் விரைந்தான். முருகையன் விடுவானா?

"இன்னாண்ணே, கடையத் தாண்டிப் போய்க்கினே கீற? ரூமப் பெருக்கி வச்சிருக்கேன். நீ காலு தேய்க்கிற செங்கல்லு கூட அங்கயே கீது!"

வெனிலா நின்றாள். அவன் குதிகாலை ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் நடந்தாள். அவன் பின்னால் நடந்தான். கடலூர் போனது, சிதம்பரம் போனது; ஒரு வார்த்தை இல்லை. மௌன விரதம் என்றால் என்னவென்று ஆண்டோவுக்கு இப்போதுதான் தெரிந்தது. வழியில் அவள் வீட்டுக்குப் போன் போட்டு "பாப்பா நல்லாருக்குதா?" என்று கேட்கும்போதெல்லாம் அவன் கிட்டே வந்து போனில் காதை வைத்தான். மாதா முன்னால் முழந்தாளிட்டு நெடுநேரம் ஏதோ முணுமுணுத்தாள்.

வீடு திரும்பினார்கள். ஜாக்குலின் சிரித்துக்கொண்டு ஓடி வந்தாள். ஆண்டோ கொப்புளம் உடைந்த கால்களை நீட்டி உட்கார்ந்தான். இந்த முறை நிஜ ரத்தம். வெனிலா வெந்நீர் கொண்டுவந்தாள், மஞ்சள் போட்டாள், தன் கால்களை அதில் வைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து அவன் குதிகாலைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் தேச்சிருக்கீங்க," என்றாள். "இது எந்த ஊரு செங்கல்லு?"