காபி கிடைக்காத கடற்கரை ஹோட்டல்

பாண்டிச்சேரியில் மூடிப்போன ஹோட்டல்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் ரொட்டியையும் இறால் வறுவலையும் நினைத்து உருகுவார்கள். எனக்கோ, என்னை யார் யார் வேண்டாம் என்றார்கள் என்பதுதான் முதலில் ஞாபகம் வரும். திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு வரன் வந்து திரும்பிப் போனால், மறுநாள் குழாயடி முழுக்க அதே பேச்சாக இருக்கும். அதற்குப் பயந்து அப்பா பெண் பார்ப்பதையெல்லாம் பாண்டிக்கு மாற்றிவிட்டார். துணி எடுக்கப் போகிறோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, அப்பாவும் அம்மாவும் நானும் கிளியனூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறுவோம்.

முதல் ஹோட்டல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்தது. இப்போது அங்கே செல்போன் கடை. மாப்பிள்ளை வீட்டார் வடையில் ஆரம்பித்து மோர் வரை ஒரு கை பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில், சம்மதம் சொல்வதற்கு முன் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார்கள். காபியோடு எழுந்துவிடுவார்கள். அதனால் அவர்கள் சாப்பிடச் சாப்பிட, அம்மா மனசுக்குள் பத்திரிகையே அடித்துவிட்டாள். அந்த வாரமே தரகர் போன் செய்து, பெண் உயரம் போதவில்லையாம் என்றார்.

"வேணாம்னு சொன்னா சொல்லிட்டுப் போவட்டும். நல்லா சாப்ட்டுட்டு சொன்னானுங்க பாரு," என்று அப்பா பொருமிக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து காபிக்கு மேல் எதுவும் கேட்கக் கூடாது என்பது அவர் சட்டம்.

இரண்டாவது, கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆனால் பாட்டும் ட்ரம்ஸுமாக அதிரும் ஐஸ்கிரீம் பார்லர். அங்கே ஒருவர் பேசியது ஒருவருக்குக் கேட்கவில்லை. வேண்டாம் என்றது மட்டும் போனில் தெளிவாகக் கேட்டது. அந்தக் கட்டிடத்தையே இடித்துவிட்டார்கள். எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை.

மூன்றாவதுதான், கடலைப் பார்த்தபடி மாடியில் இருந்த மீன் ஹோட்டல். ராத்திரியில் கிட்டார் வாசிப்பார்கள். அதையும் போன மாதம் மூடிவிட்டார்கள் என்று கேட்டபோது மட்டும் எனக்கு வருத்தமாக இருந்தது.

அங்கே போன அன்று எனக்குப் பயம். மேல்மலையனூரில் இருந்த என் அத்தை, மனைவியைப் பறிகொடுத்த தன் மகனுக்கு என்னைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தாள். அவன் குடித்தால் கை நீட்டுகிறவன். அந்த மனைவியின் முதுகிலிருந்த தழும்புகளை நான் பார்த்திருக்கிறேன். இந்த வரனும் தட்டிப்போனால் அத்தைக்கு வாக்குக் கொடுத்துவிடுவேன் என்று அப்பா பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை விழுப்புரத்தில் டிராக்டர் மெக்கானிக். தன் அம்மாவோடு வந்திருந்தார். அந்த அம்மா மூட்டு வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்து, நாற்காலியில் சாய்ந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். அப்பா சர்வரிடம் ஐந்து காபி சொன்னார்.

"காபி கிடையாதுங்க. டிபன், டீ எதுவும் இல்ல. சாப்பாடு மட்டுந்தான்," என்றான் அவன்.

காபி இல்லாத ஹோட்டல் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"வேற எங்கனா போலாமுங்களா?" என்றார் அப்பா.

"என்னால இன்னொரு தபா படி ஏறி எறங்க ஆவாதுங்க. சாப்பாடும் வேணாம். இன்னும் ஒண்ணும் பேசி முடிக்கலியே," என்றார்கள் மாப்பிள்ளையின் அம்மா.

ஐந்து டம்ளர் தண்ணீர் வந்தது. அதையும் யாரும் தொடவில்லை. சர்வர் பேனாவைத் தட்டிக்கொண்டு நின்றான். அந்த அம்மா கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். எழுந்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்தது. சேலையில் வயிறு தெரியும் என்று அம்மா மத்தியானம் சோறும் போடவில்லை. பயமும் பசியும் சேர்ந்து எனக்குள் ஒரு கோபம் வந்தது.

"அண்ணா, ஒரு மீன் வறுவல் குடுங்க. எனக்குப் பசிக்குது," என்றேன்.

அம்மா மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணே சாப்பிட உட்கார்ந்த கதையை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். மீன் வந்தது. ஐந்து பேர் நடுவில் நான் ஒருத்தி முள் எடுத்துத் தின்றேன். பிறகு தட்டை மாப்பிள்ளை பக்கம் நகர்த்தி, "சாப்புட்றீங்களா?" என்றேன்.

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினார்கள். அவர் கை மேசை விளிம்பிலேயே நின்றது. நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு. அந்தக் கையை விட்டு என் பார்வை நகரவில்லை. மேல்மலையனூர் பஸ்ஸில் என் பெட்டியை யாரோ ஏற்றுவதுபோல் இருந்தது எனக்கு.

கை நகர்ந்தது. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இன்னாடா பண்ணிக்கினு இருக்கிற?" என்றார்கள் அந்த அம்மா.

"சாப்புட்டுக்கினு இருக்கிறேம்மா," என்றார் அவர்.

அந்த அம்மா மகனை முறைத்தார்கள், என்னை முறைத்தார்கள், கடலைக்கூட முறைத்தார்கள். அப்புறம் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஓரத்தில் கொஞ்சம் கிள்ளி மென்றார்கள்.

"உப்பு பத்தல," என்றார்கள் என்னிடம். "நம்ம வூட்டுக்கு வா, எப்டி வறுக்கறதுன்னு நான் காட்றேன்."

அப்பா தன் முன்னால் இருந்த தண்ணீரை எடுத்து மூச்சுவிடாமல் குடித்தார். சர்வரைப் பார்த்து, "தம்பி, எல்லாருக்கும் எல போடுப்பா," என்றார். அந்த ஹோட்டலில் இலையும் கிடையாது.