வேப்பஞ்சருகுக்குக் கீழே

எங்கள் அருப்புக்கோட்டைத் தெருவில் வாரத்துக்கு ஒருமுறைதான் குழாய்த் தண்ணீர் வரும். அன்று சொட்டுகூட வரவில்லை. திறந்துவிடும் முத்தண்ணனைத் திட்டுவதற்காகவே பெண்களைத் திரட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். அவரோ ஒரு குப்பைக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"யக்கா, வால்வு மூடி இங்கனதான இருந்துச்சு? இம்புட்டு வேப்பஞ்சருக யாரு கொட்டுனது?"

தெருவில் வேப்பமரம் இருப்பது ஒரே வீட்டில்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குப்பை வண்டிக்குக் காத்திருக்கச் சோம்பி, தினமும் நான்தான் அங்கே கொட்டிவந்தேன்.

இரு கையாலும் சருகை அள்ளினேன். மூடி தெரிந்தது. முத்தண்ணன் அதைத் தூக்கிவிட்டு, சிரித்தபடி வால்வு திருகும் இரும்புச் சாவியை நீட்டினார்.

"இன்னைக்கு நீங்களே தொறந்துவிடுங்க."

திருகினேன். முதல் வீட்டிலிருந்து "வந்துருச்சு!" என்று சத்தம் கேட்டது. தெருவே கைதட்டியது. தப்புச் செய்துவிட்டுக் கைதட்டு வாங்கியது என் வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.