சந்தனத்துக்கு அடியில் அழிந்த எண்

அய்யா என்று நாங்கள் அழைத்த எங்கள் அப்பா மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப்பேர் அவருடைய வெள்ளை அம்பாசடரில் ஒருமுறையாவது ஏறியிருப்பீர்கள். அதனால் அந்தக் காரைப் பற்றியே எழுதுகிறேன்.

அய்யா பிறந்தது ஆர்.எஸ்.மங்கலம் பக்கம், கண்மாயை நம்பிய விவசாயக் குடும்பத்தில். தண்ணீர் பொய்த்த ஆண்டுகளில் இராமநாதபுரம் வந்து, முதலாளி ஒருவரின் வாடகைக் காரை ஓட்டினார். இராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று யாத்திரிகர்களை ஏற்றி இறக்கினார். முதலாளி தம் கடைசிக் காலத்தில் அந்தக் காரை அய்யா பெயருக்கே மாற்றிக் கொடுத்தார்.

வயதான பிறகு, அதை முதலில் இருந்தபடியே ஆக்கிவிட வேண்டும் என்று அய்யா இறங்கினார். வாடகைக்கு ஓடியபோது மாட்டிய டீசல் எஞ்சினை இறக்கிவிட்டு, வேறொரு பழைய காரின் பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தினார். துருப்பிடித்த கதவுகளும் தரைத்தகடும் மாறின. புதுமடத்து மெக்கானிக் காசிம் மாமாதான் கூடவே நின்று செய்தார். மாறாமல் இருந்தது, காரின் அடையாளமான சேஸிஸ் எண் பொறித்த இரும்பு மட்டும்.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அந்த எண்ணின் மேல் அய்யா சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைப்பார். அடுத்த பூஜை வரை யாரும் துடைக்கக் கூடாது.

"எல்லாரும் பானட்டுல வைப்பாக. நீ என்ன மச்சான், உள்ள கொண்டுபோய் அப்புற?" என்று காசிம் மாமா கேலி செய்வார்.

"வண்டிக்கு நெத்தி இதான்யா."

"தங்கச்சி நெத்திய என்னைக்காச்சும் இம்புட்டு அக்கறையாப் பாத்துருக்கியா?" என்று எங்கள் அம்மாவையும் இழுப்பார்.

காரின் பதிவைப் புதுப்பிக்கப் போன போக்குவரத்து அலுவலகத்தில், சந்தனத்தைச் சுரண்டச் சொன்னார்கள். காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார்கள். ஓர் எண்கூட விழவில்லை. கடற்காற்றின் உப்பும் ஈரமும் சந்தனத்துக்கு அடியிலேயே தங்கி இரும்பை அரித்திருந்தன. எஞ்சின் எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை. இது அதே கார்தான் என்று காட்ட அதில் எதுவும் இல்லை என்றார் அலுவலர். அவர் சொன்னது சரி.

"புத்தகத்துல நம்பர் இருக்குல்ல மச்சான்? இரும்புல பஞ்ச் வச்சு அடிச்சுருவோம். எவனுக்குத் தெரியப்போகுது?" என்றார் காசிம் மாமா.

"எனக்குத் தெரியும்ல? அடிச்சா அது திருட்டு வண்டி. பூசிப் பூசி நானே அழிச்சுப்புட்டேன்யா."

அதன்பின் அய்யா காரைத் தொடவில்லை. சாப்பாடு குறைந்தது. சிறுநீரக நோயும் சேர்ந்துகொண்டது. மருத்துவமனையில் அவர் படும் பாட்டைப் பார்க்க முடியாமல் தம்பி குனிந்து, "அய்யா, நம்பர் தெரிஞ்சுருச்சாம். ஆபீசுல ஒத்துக்கிட்டாக" என்றான்.

அய்யா கண்ணைத் திறந்தார். "ஏலே, எவன் அடிச்சான்?"

அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான். தம் கார் கள்ள எண்ணோடு நிற்பதாக எண்ணியபடியே போய்விட்டார்.

அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்களோடு இருந்த உறவினர்களுக்கும் நன்றி சொல்கிறோம். பதிவு கிடைக்காமல் உடைப்புக்குப் போன காரை, வேறு ஆளிடம் விடாமல் தம் கையாலேயே வெட்டிப் பிரித்த காசிம் மாமாவுக்கும் நன்றி. ஞாபகத்துக்கு ஏதாவது ஒரு துண்டு எடுத்து வைக்கட்டுமா என்று அவர் கேட்டார். அதில் எந்தத் துண்டு அய்யாவின் கார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்றோம்.