அஜந்தா வசை கேட்டுப் பழகிய கதை

ஆரையம்பதியில் அஜந்தாவின் கோபம் ஊரறிந்த சங்கதி. நாலு வருஷம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தும் அது குறையவில்லை. அந்த நாலு வருஷத்துக்குள் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். ஒன்பது வயது மகள் கஜானி வாகரையில் அவனுடைய தாய் இலட்சுமிப்பிள்ளையிடம் வளர்ந்தாள். பிள்ளையைத் திருப்பித் தரச்சொல்லி அஜந்தா சிறுவர் நன்னடத்தை அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தாள்.

முதல் விசாரணையில், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, பெற்றதை விட்டு ஓடினவள் என்று மாமி இலட்சுமிப்பிள்ளை சொன்னாள். அஜந்தா கதிரையைத் தள்ளி எழும்பி, மேசையில் இருந்த கிளாஸைச் சுவரில் அடித்துப் பொய் பொய் என்று கத்தினாள். விசாரித்த அலுவலக மிஸ் கோப்பில் எழுதிக்கொண்டார். இரண்டு மாதத் தவணை. அடுத்த முறையும் இப்படியென்றால் பிள்ளை அப்பம்மாவோடுதான் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அஜந்தா அக்கா அன்னப்பூரணியிடம் ஒரு கொப்பியைக் கொடுத்தாள். மாமி சொன்னது, இனிச் சொல்லக்கூடியது எல்லாவற்றையும் அவளே சொல்லச் சொல்ல, அக்கா இலக்கம் போட்டு எழுதினாள். பதினேழு வந்தது.

அஜந்தா கூலிக்கு இறால் உரிப்பவள். பின்னேரங்களில் அவள் உரிக்க, அக்கா எதிரே இருந்து வாசிக்க வேண்டும். கோபம் ஏறினால் விரல் இறுகி இறால் வாலோடு அறுந்துவிடும். அறுந்ததை அக்கா புறம்பாகப் போட்டு எண்ணித் திகதியோடு குறித்தாள். முதல் நாள் முப்பத்தொன்று.

"இதென்னகா, தேவாரமா படிக்கிறாய்? மாமி மாதிரித் துப்பிச் சொல்லு" என்றாள் அஜந்தா.

அதற்குப் பிறகு அக்கா துப்பித்தான் சொன்னாள். அரபிக்குப் பாய் விரித்தவள் என்றாள். பிள்ளை டெங்குவில் கிடந்து அம்மா அம்மா என்று அழ, போன்கூட எடுக்காத பேய் என்றாள். அந்த நாட்களில் குவைத் வீட்டு எசமானி போனைப் பறித்து வைத்திருந்தது அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சுக்குத்தான் அதிகம் அறுந்தது என்பதால் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். முள் ஏறி விரலில் இரத்தம் வந்த நாளிலும் நிறுத்தவில்லை. ஏழாம் கிழமை முழுக்க ஒரு இறால்கூட அறவில்லை. அக்கா சைபர் போட்டு அடியில் கோடு கீறினாள்.

இரண்டாம் விசாரணைக்கு அக்காவும் கூடப் போனாள். மாமி ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. கடைசியாகக் கஜானியின் தலையைத் தடவிக்கொண்டு டெங்குக் கதையையும் எடுத்தாள். அஜந்தா மடியில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். புருவம்கூட அசையவில்லை. நல்ல பொறுமை பழகியிருக்கிறீர்கள் என்று மிஸ் மெச்சினார். பிறகு கஜானியிடம், யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்டார்.

பிள்ளை அதுவரை தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பம்மாவோட."

ஏன் மகள் என்று மிஸ் கேட்டார்.

"போன தடவ அப்பம்மா சொல்லக்குள்ள அம்மா கிளாஸ உடைச்சவ. பொய்யெண்டபடியாத்தான் கோவம் வந்த எண்டு நினைச்சன். இண்டைக்கு அம்மா ஒண்டும் சொல்லல்லயே மிஸ். அப்ப உண்மைதானே."

அஜந்தா மகளைப் பார்த்து வாய் திறந்தாள்.

"எசமானி போனப் பறிச்சி வெச்சிருந்தவ, மனே."

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல வந்தது குரல். கத்த வேண்டும் என்று நினைத்தாள், கத்தல் வரவில்லை. கஜானி அப்பம்மாவின் சீலைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"எவ்வளவு ஆறுதலா, பதறாமப் பொய் சொல்றா பாருங்க, மிஸ்," என்று மாமி சிரித்தாள்.

மிஸ் எழுதினார்: தாய் அமைதியானவர். பிள்ளையின் விருப்பப்படி பாட்டியிடம் இருக்கலாம். தாய் மாதம் ஒருமுறை பார்க்கலாம். இரண்டு இடத்தில் கையெழுத்துக் கேட்டார். அஜந்தா பேனையை வாங்கி இரண்டிலும் வைத்தாள். பக்கத்தில் நின்ற அக்கா எட்டிப் பார்த்தாள். ஒரு எழுத்துக்கூடக் கோணவில்லை.