ஏனிக்குட்டி ஸ்ராங்கு எக்கோ வாங்கிய கதை

பொன்னானிக் கரையில் ஏனிக்குட்டி எந்தக் கட்சி என்று யாருக்கும் தெரியாது. இது சாதாரண விஷயமல்ல. அங்கே சாயாக் கடைக்குக் கட்சி உண்டு, முடிவெட்டும் கடைக்குக் கட்சி உண்டு. கல்யாணப் பந்தலின் தோரணத்தைப் பார்த்தே மாப்பிள்ளை வீட்டார் யாருக்கு வோட்டுப் போடுவார்கள் என்று சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட ஊரில், தலை நரைத்த பிறகும் கட்சி இல்லாமல் ஒரு மனிதர் நடமாடுவது, கடலில் நங்கூரம் இல்லாமல் ஒரே இடத்தில் நிற்பது மாதிரி.

ஒருமுறை அவர் சிவப்புக் கொடி ஊர்வலத்தில் பாதி வழி நடந்தார். எதிரே பச்சைக் கொடி ஊர்வலம் வந்தது. அதோடு சேர்ந்து, அதே உற்சாகத்தோடு, வந்த வழியே திரும்பி நடந்தார். அன்றைக்கே முடிவாகிவிட்டது. ஏனிக்குட்டி ஸ்ராங்கு கட்சிகளுக்கு மேற்பட்டவர். இரண்டு பேருக்கும் சரிபாதி நடந்து காட்டி ஊருக்குப் பாடம் சொன்னவர்.

பாடமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஏனிக்குட்டியின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. இரண்டும் நனைந்த சாக்கின் நிறம். கொடியில் அரிவாளோ பிறையோ தெரிந்தால் பிழைத்துக்கொள்வார். அன்று காற்று இல்லை, கொடிகள் சுருண்டு கிடந்தன. இது மனைவி பீயாத்துவுக்கு மட்டும் தெரியும். அவருக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளை முண்டு தவிர வேறு எதையும் அவள் வாங்கியதில்லை. அந்த வெள்ளையும் அவருடைய நடுநிலைக்குச் சாட்சியாகிவிட்டது.

“ஊரே உங்கள பெரிய மனுஷன்னு சொல்லுது. பெரிய மனுஷனுக்குப் பழுத்த மொளகாயும் பச்ச மொளகாயும் ஒண்ணுன்னு எனக்குத்தானே தெரியும்!” என்பாள்.

“மெதுவாப் பேசு. சுவத்துக்கு அந்தப் பக்கமும் ஆள் இருக்கு.”

“அந்தப் பக்கம் இருக்கறது எந்தக் கட்சி, சொல்லுங்க பாப்போம்.”

நிறம் தெரியாத இந்தக் கண்தான் கரையிலேயே கூர்மையான கண் என்பது இதில் இன்னொரு வேடிக்கை. அடியில் ஒரு கூட்டம் வந்து நீரின் மேல் மங்கல் விழுந்தால் ஏனிக்குட்டிக்கு முதலில் தெரியும். ‘நூருல் பஹ்ர்’ வள்ளத்தின் சுக்கான் பல வருடங்களாக அவர் கையில் இருந்தது; சுக்கான் பிடிப்பவரைத்தான் அங்கே ஸ்ராங்கு என்பார்கள். வள்ளம் ஒருவருக்குச் சொந்தமல்ல. வலை இழுக்கும் முப்பத்துச் சொச்சம் பேருக்கும் அதில் பங்கு உண்டு. பாதிப்பேர் சிவப்பு, பாதிப்பேர் பச்சை. எந்தப் பக்கத்து ஆள் ஸ்ராங்கு ஆனாலும் மறுபாதி வலை தொடமாட்டார்கள் என்பதால், சுக்கான் அவரிடமே தங்கிவிட்டது.

தொல்லை ஒரு குவளைக் கட்டன் சாயாவில் தொடங்கியது. கடலுக்கடியில் மீன் எங்கே என்று திரையில் காட்டும் கருவிக்குத் துறையில் எக்கோ என்று பெயர். வள்ளத்தில் இருந்தது பழைய எக்கோ, கறுப்பு வெளுப்பு. கறுப்பு அடர்ந்தால் மீன், அவ்வளவுதான். அதன்மேல் குஞ்ஞாவா சாயாவைக் கொட்டினான். குஞ்ஞாவா சிவப்பு. அவன் முழங்கையைத் தட்டியது ஸைதலவி, அவன் பச்சை. கொட்டியவன் குற்றமா, தட்டியவன் குற்றமா என்று ஒரு வாரம் வாதம் நடந்தது. அதற்குள் எக்கோ செத்துப்போனது.

புதுசு வாங்க வேண்டும். புதுசெல்லாம் கலர். மத்திக் கூட்டம் அடர்த்தியாக வந்தால் திரையில் சிவப்பு. சொறிமீன் மாதிரி உபயோகமில்லாத சங்கதி என்றால் பச்சை. ஏனிக்குட்டிக்கு இரண்டும் ஒரே நனைந்த சாக்கு. போன மழைக்காலத்தில்தான் பக்கத்து வள்ளத்து ஸ்ராங்கு ஒருவர் சொறிமீன் கூட்டத்தை மத்தி என்று நினைத்து வலை வளைத்தார். ஆட்கள் உடம்பெல்லாம் அரிப்போடு கரையேறினார்கள். மறுநாளே அவர் ஸ்ராங்கு இல்லை. இப்போது ஐஸ் உடைக்கிறார்.

வள்ளத்துப் பங்காளிகள் கூட்டத்தில் ஏனிக்குட்டி தன்னால் ஆனதைப் பார்த்தார்.

“கலர் எதுக்குப்பா? கடலுக்குப் போறோமா, சினிமாவுக்குப் போறோமா?”

“இக்கா, இப்ப கறுப்பு வெளுப்பு விக்கிறதே இல்ல,” என்றான் குஞ்ஞாவா.

“வெயில்ல கலர் தெரியாது.”

“மேல துணி கட்டிக்கலாம்,” என்றான் ஸைதலவி. இருவரும் ஒரே கருத்தைச் சொல்லி மற்றவர்கள் அன்றைக்குத்தான் கேட்டார்கள்.

எக்கோவை ஸ்ராங்கே தேர்ந்தெடுக்கட்டும், அவர்தான் நடுவில் நிற்பவர் என்று முடிவாயிற்று. கூடவே இரண்டு பக்கத்துக்கும் ஆளாகக் குஞ்ஞாவாவும் ஸைதலவியும் கொச்சிக்குப் போகவேண்டும்; ஒருவனை ஒருவன் பார்த்துக்கொள்ள. புறப்படும்போது அரிசிப் பத்திரியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்த பீயாத்து, காதோடு சொன்னாள்: “தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிடுங்க. ஐஸ் உடைக்கிறதும் வேலைதான்.” ஆறுதலாகத்தான் சொன்னாள். கொச்சி போய்ச் சேரும்வரை அவர் தொண்டையில் பத்திரி இறங்கவில்லை.

கொச்சியில், தோப்பும்படியில் ஜோப்பனின் எக்கோக் கடை. மேஜைமேல் நான்கு எக்கோக்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. கடல் இல்லாத கடையில், கடைக்காரனே ஏற்பாடு செய்த மீன்கள் திரைக்குள் நீந்தின.

“பாருங்க இக்கா,” என்றார் ஜோப்பன். “நாலுல எதுல மத்தி தெளிவாத் தெரியுது?”

ஏனிக்குட்டி நான்கையும் மாறி மாறிப் பார்த்தார். நான்கு நனைந்த சாக்குகள். தாடியைத் தடவினார். பெரிய மனிதர்கள் தாடியைத் தடவினால் யாரும் அவசரப்படுத்துவதில்லை.

அந்த இடைவெளியில் குஞ்ஞாவாவின் முகம் மலர்ந்தது. “டேய் ஸைதலவி, பாத்தியா? செவப்புன்னா மீனு. பச்சைன்னா ஒண்ணுமே இல்ல. மிஷினுக்கே தெரிஞ்சிருக்கு, உனக்குத் தெரியல!”

ஸைதலவி திரையருகே குனிந்தான். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. “ஜோப்பா, இது என்ன ஏற்பாடு? செவப்புல மீனு, பச்சையில சொறியா?”

“கம்பெனி வச்சதுங்க. உலகம் பூரா அப்படித்தான்.”

“உலகம் எப்படியோ போகட்டும். எங்க வள்ளத்துல பாதிப்பேர் நாங்க. தினமும் பச்சைன்னா சொறின்னு பாத்துக்கிட்டு வலை இழுக்க முடியாது.”

“நெறத்த மாத்திக்கலாம்க. இந்தா, இப்படி அழுத்தினா பச்சையில மீன் வரும்.”

“மாத்துவியா?” குஞ்ஞாவா மேஜையைத் தட்டினான். “அப்ப சொறி எதுல வரும்? எங்க நெறத்துலயா? கரையில வந்து சொல்லிப் பாரு இத!”

“முழங்கைய வச்சு எக்கோவக் கொன்னவன் பேசறான்!”

“முழங்கைய யாருடா தட்டினது?”

சண்டை பழைய சாயாவுக்குத் திரும்பியது. ஜோப்பன் அதற்குப் பழகியவர் போல ஒரு கருவியின் பின்பக்கத்தைத் திறந்து, “இக்கா, அந்தச் சிவப்பு வயரை எடுங்க,” என்றார். மேஜையில் இரண்டு வயர்கள் கிடந்தன. ஏனிக்குட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஜோப்பன் அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். தானே மற்ற வயரை எடுத்து மாட்டினார்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரிடமும் குறிப்பாகச் சொல்லாத மாதிரி சொன்னார்: “இதுல ரெண்டு நெறமும் வேண்டாம்னாலும் வழி இருக்கு. வெறும் கறுப்பு வெளுப்பாவும் வச்சுக்கலாம். பழைய எக்கோ மாதிரியே இருக்கும்.”

ஏனிக்குட்டி தாடியிலிருந்து கையை எடுத்தார். அவருக்கு அந்த நிமிஷத்தில் ஜோப்பனைக் கட்டிப் பிடித்து அழவேண்டும் போலிருந்தது. ஆனால் குரல் கனமாக வந்தது.

“ரெண்டு பேரும் வாய மூடுங்க. கடல்ல இருக்கற மீன் எந்தக் கட்சி? நான் சுக்கான் பிடிக்கிற வள்ளத்துல செவப்பும் வேண்டாம், பச்சையும் வேண்டாம். கறுப்பும் வெளுப்பும் போதும்.”

குஞ்ஞாவா தலை குனிந்தான். ஸைதலவிக்குக் கண் கலங்கியே விட்டது. “இக்கா சொன்னா சரி,” என்றான்.

பெட்டியைக் கட்டும்போது ஜோப்பன் அவர் பக்கம் சாய்ந்தார். “மூணாவது பொத்தான்ல ஒரு சின்ன டேப் ஒட்டியிருக்கேன். விரல்ல தட்டுப்படும். யாராவது எதையாவது மாத்தினா, அதை அழுத்திப் பிடிங்க, கறுப்பு வெளுப்புக்கு வந்துடும்.” சற்று நிறுத்தி, “இக்கா, இந்த வருஷம் டேப் ஒட்டி வாங்கிப் போற மூணாவது ஸ்ராங்கு நீங்க,” என்றார். மற்ற இருவர் யார் என்று ஏனிக்குட்டி கேட்கவில்லை. ஐஸ் உடைப்பவரின் முகம் மட்டும் ஒருகணம் வந்துபோனது.

பொன்னானியில் கதை அவருக்கு முன்பே பஸ் பிடித்து வந்து சேர்ந்திருந்தது. ‘கடல்ல இருக்கற மீன் எந்தக் கட்சி’ என்பதை இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் மேடையில் சொன்னார்கள். அடுத்த கட்சியைத் திட்டுவதற்காக. பீயாத்து மட்டும் தக்காளி நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, பாதிப் பழத்தை நீட்டினாள். “இது பழமா, காயா, மகானே?”

இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்றாவது வாரம் ஒரு காலையில், கடற்பறவைகள் தாழப் பறந்தன. நீரின்மேல் அந்த மங்கல் விழுந்தது. மேற்கிலிருந்து இன்னொரு வள்ளம் விரைந்து வந்துகொண்டிருந்தது. முப்பத்துச் சொச்சம் பேரும் வலையைக் கையில் பிடித்தபடி அவர் வாயைப் பார்த்தார்கள். ஏனிக்குட்டி எக்கோவைப் பார்த்தார்.

நனைந்த சாக்கு.

மத்தியா, சொறியா? வலை போடச் சொல்லி சொறி வந்தால் ஐஸ் உடைக்கும் வேலை, சொல்லாவிட்டால் பக்கத்து வள்ளம் அள்ளிக்கொண்டு போகும். விரல் தானாகவே திரையின் கீழே தடவியது. டேப் தட்டுப்பட்டது. அழுத்திப் பிடித்தார். சாக்கு மறைந்தது, வெளுப்பின் நடுவில், மை கொட்டியது போல, நல்ல கறுப்பு.

“வளை!” என்று கத்தினார்.

வலை வளைந்து, மத்தி பளபளத்து, உள்ளே அது அடைபட்டது என்று உறுதியான பிறகுதான் திரும்பினார்.

“எக்கோவுல கை வச்சது யாரு?”

எல்லோரும் வலையைப் பார்த்தார்கள். யார் செய்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்ததுதான். இருவரில் எவன் என்பதுதான் தெரியாது. திரையில் இருந்தது பச்சை மத்தியா, சிவப்பு மத்தியா என்று வள்ளத்தில் வேறு எவனும் ஒரே பார்வையில் சொல்லியிருப்பான்.

“குஞ்ஞாவா! ஸைதலவி! ரெண்டு பேரும் வலையோட வால் பக்கம் போய் இழுங்க. இன்னைக்கு உங்க ரெண்டு பேருக்கும் சாயா கிடையாது!”

இருவரும் மறுபேச்சில்லாமல் போனார்கள். வலையின் கனத்தில் மூச்சு வாங்கியபடி ஸைதலவி மெல்லச் சொன்னான்: “காலையில கிளம்பறப்ப சும்மா ஒரு தடவ பச்சையில வச்சுப் பாத்தேண்டா.”

“அப்பறமா அத செவப்புக்கு மாத்தினது நான்,” என்றான் குஞ்ஞாவா.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கடைசியா இருந்தது செவப்புதானே? அப்ப என்னை எப்படிக் கண்டுபிடிச்சாரு?” என்றான் ஸைதலவி.

“அதான் இக்கா. நமக்கு மேல இருக்கறது மட்டும்தான் தெரியும். அவருக்கு அடியில இருக்கறதும் தெரியும். அந்தக் கண்ணு யாருக்குடா வரும்!”

காற்று அவர்கள் பக்கமிருந்து வீசியதால் அவ்வளவும் சுக்கான்வரை வந்து விழுந்தது. ஏனிக்குட்டி காதில் விழாத மாதிரி கடலைப் பார்த்தார். பீயாத்து காது கேட்காத தூரத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று.