எடுக்காத பொட்டலம்

பத்தாம் வகுப்பு முடித்தவர்களை ஆந்திர எல்லையான எங்கள் பக்கத்தில் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: எம்.பி.சி.யா, பைபிசியா? முதலாவதில் கணக்கு உண்டு; இரண்டாவதில் கணக்குக்குப் பதில் செடிகொடியும் தவளையும். கம்ப்யூட்டர் என்ஜினியர் ஆக எம்.பி.சி.யை விட்டால் வேறு வழியில்லை. பாலசமுத்திரத்தில் பால்காரர்கூடச் சைக்கிளை நிறுத்தி இதைக் கேட்டார். எனக்குப் பதிலில் சந்தேகமே கிடையாது. கணக்கென்றால் எனக்கு உயிர். பள்ளிக்கு வந்திருந்த ஒரே கம்ப்யூட்டரைப் பட்டுத்துணி போர்த்தி, பொட்டு வைத்து, யாரும் தொடாமல் பூட்டி வைத்திருந்தார்கள். என்றைக்காவது அந்தத் துணியை விலக்கிப் பார்த்துவிட வேண்டும் என்பது என் வெறி.

சந்தேகமெல்லாம் வீட்டுக்குத்தான். காரணம், சித்தப்பா.

நைனாவுக்குத் தம்பி அவர். சித்தூரில் எம்.பி.சி., திருப்பதியில் கம்ப்யூட்டர், அப்புறம் பெங்களூர், அப்புறம் அமெரிக்கா. ஊரே பெருமைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணுவார். குடும்பமே நல்ல துணி உடுத்திப் போய் நிற்போம். அது மெல்ல மெல்லக் குறைந்தது. கடைசியாக வந்த போனில் பேச்சே இல்லை. நைனா "டேய், டேய்" என்று கத்திப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். "சித்தப்பா, நல்லா கீறீங்களா?" என்றேன். கொஞ்சம் பொறுத்து அந்தப் பக்கத்திலிருந்து, "சித்தப்பா, நல்லா கீறீங்களா?" என்று கேட்டது. என் குரலேதான், ஆனால் மெலிந்து, ஈரமாக. தூரத்து லைன் என்றால் அப்படித்தான் திரும்பி வரும் என்றார் பூத்துக்காரர். இன்றைக்கு எனக்கும் அது தெரியும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு துன்னாமல் படுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் போன் எங்களுக்காக ஒலிக்கவே இல்லை. எழுதிப் போட்ட கடிதங்களும் திரும்பி வந்தன.

"அந்தக் கணக்குதான் அவன முழுங்கிடுச்சி," என்றார் பெரியப்பா. "பொண்ணையும் அதுக்கே குடுக்கணுமா? பைபிசி படிச்சி நர்சு ஆவட்டும். வேலூருக்கே வேலைக்குப் போனாலும் சாயந்திரம் பஸ்ஸு ஏறி வந்துடும்."

அண்ணன் எதிரில் உட்கார்ந்துகூடப் பழகாதவர் நைனா. மறுத்துப் பேசவா போகிறார்? "கெங்கம்மாவக் கேட்டுடலாம்ணா," என்றார். எனக்கு வந்ததே கோபம்! ஊர் அம்மன் கெங்கம்மாவுக்கு எம்.பி.சி.யைப் பற்றி என்ன தெரியும்? அம்மாவிடம் போய் ஒரு மூச்சு அழுதேன். அம்மா என் தலையை வாரிவிட்டாள்.

பூக் கேட்பது எங்களில் வழக்கம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வெளியே தெரியாமல் வாழைச்சருகில் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கும். எடுத்தது எதுவோ அதுதான் தீர்ப்பு. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அம்மன் வேண்டாமென்றதைப் பார்ப்பது தோஷம் என்று அப்படியே குளத்தில் விட்டுவிடுவார்கள். வெள்ளை வந்தால் எம்.பி.சி., சிவப்பு வந்தால் பைபிசி என்று பெரியப்பா முடிவு செய்தார். பொட்டலம் கட்டியது நைனா.

உச்சி வெயில். கோயிலில் எங்களைத் தவிர ஒருவருமில்லை. பூசாரி கற்பூரம் காட்டினார். பூ எடுக்க வந்தவள் ராமகுப்பத்திலிருந்து லீவுக்கு வந்திருந்த பெரியப்பாவின் பேத்தி, நாலு வயசு. பொட்டலங்களுக்கு எதிரே நின்றவள் கையை நீட்டவே இல்லை. வாசல் பக்கம் திரும்பி யாரையோ பார்த்துத் தலையாட்டினாள். பிறகு ஓடிப்போய் ஒன்றை எடுத்தாள்.

"அந்தக் கண்ணாடி மாமா இத எடுக்கச் சொன்னாரு," என்றாள்.

திரும்பிப் பார்த்தோம். வாசலில் வெயில்தான் நின்றது. எங்கள் குடும்பத்தில் கண்ணாடி போட்டவர் சித்தப்பா ஒருவர்தான். அதுவும் திருப்பதிக்குப் படிக்கப் போன பிறகு போட்டது. வீட்டிலிருந்த ஒரே படத்தில் அவர் வெறும் முகத்தோடு இருப்பார். இவள் பிறப்பதற்கு முன்பே அவர் கடல் தாண்டிவிட்டார். பெரியப்பா பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை. நைனா பூவைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெயித்தவள் நான்தான். ஆனால் சந்தோஷப்படக்கூட பயமாக இருந்தது.

மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நைனா குளத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். தூக்கிப் போடாமல், இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றுக்குள் காலால் மிதித்து அமுக்கினார். அமுக்க அமுக்கப் பூக்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. எல்லாம் வெள்ளை. சிவப்பு அரளி கட்டிய பொட்டலத்திலிருந்து வெள்ளைப் பூக்கள்! கத்திவிட்டேன்.

"செவப்பு தண்ணில ஊறினா வெளுத்துப் பூடும். சும்மா இரு," என்றார் நைனா. அப்புறம் சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே தலை முழுகினார். வெகுநேரம் தண்ணீருக்குள்ளேயே நின்றார்.

நான் அதை நம்பினேன். பௌதிகமும் வேதியியலும் படித்துக்கொண்டே நம்பினேன் என்றால் பாருங்கள். அம்மன் சிவப்பையும் வெளுக்க வைத்து என்னைச் சித்தப்பா போன பக்கம் தள்ளிவிட்டாள் என்று நினைத்து, சித்தூர் ஹாஸ்டலில் கண்ணாடி போட்ட வாத்தியார்களைக் கண்டாலே ஒதுங்கிப் போனேன்.

திருப்பதியில் என்ஜினியரிங் சேர்ந்த பிறகு ஒரு நாள், அங்கே கோயில் குளக்கரையில் தோழிகளோடு உட்கார்ந்திருந்தேன். தண்ணீரில் பழைய மாலை ஒன்று மிதந்தது. நார் அழுகி, இலை கறுத்துப் போயிருந்தது. அரளி மட்டும் சிவப்பாகவே இருந்தது.

அந்த ஞாயிறே ஊருக்குப் போனேன். நைனா மாந்தோப்பில் தனியாக இருந்தார். "ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான கட்டின?" என்றேன். திருட்டுச் சிரிப்பு சிரித்தார். "உங்க பெரியப்பாகிட்ட சொல்லிக்கினு திரியாத," என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இத்தனை நாள் பயந்ததையெல்லாம் நினைத்துச் சிரித்தேன்.

"பாப்பாவுக்கும் நீதானா சொல்லிக் குடுத்த? கண்ணாடி மாமான்னு?"

நைனாவின் சிரிப்பு நின்றது.

"அத்த நான் சொல்லிக் குடுக்கலம்மா," என்றார். பிறகு தரையைப் பார்த்தபடி, "அண்ணன் இன்னும் போனுக்குக் காத்துக்கினு கீறாரு. அவருகிட்ட நான் இன்னான்னு சொல்றது?"

எங்களில் தூரத்திலிருந்து சாவுச் செய்தி வந்தால், கேட்டவர் அப்படியே எழுந்து போய்த் தலை முழுகுவார். அன்றைக்கு நைனாவுக்கு அந்தக் குழந்தையின் வாயால் செய்தி வந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல், மறு வாரமே என்னையும் அதே கணக்கில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தார். நானோ, வெயில் தாங்காமல்தான் முழுகுகிறார் என்று நினைத்து, அவருடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்றிருந்தேன்.