பதுளையில் கடை விலை விழுந்த காலம்

சீமையில் நடந்த முதல் பெரிய சண்டை முடிந்த கையோடு பதுளையில் காணிப் பைத்தியம் பிடித்திருந்தது. ரயில் பாதை எங்கள் ஊரை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஸ்டேஷன் இங்கேதான் வரும், அங்கேதான் வரும் என்று ஆளுக்கொரு இடத்தைச் சொல்லி, கையில் நாலு காசு இருந்தவர்கள் எல்லாம் நிலம் வாங்கினார்கள். பிறகு தேயிலை விலை விழுந்தது. சீமையில் சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்றார்கள். காணிக்கு வேலி போட்டவர்கள் வேலியோடு நிறுத்திக்கொண்டார்கள். பசார் தெருவிலேயே கட்டடங்கள் விலைக்கு வந்தன. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

அந்தத் தெருவில் நான் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தேன். அடுப்பு என் மனைவியின் பொறுப்பு. முன்பக்கம் இலை போடுவதும் காசு வாங்குவதும் என் பொறுப்பு. கட்டடம் வாடகைக்கு எடுத்தது. சொந்தக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து அரிசி வியாபாரி. ஸ்டேஷன் வரும் என்று நம்பி நிலம் வாங்கி மாட்டிக்கொண்டவர்களில் அவரும் ஒருவர்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்தபடி அவர் சொன்னார்: "இந்தக் கட்டடத்தை நீங்களே எடுத்துக்கங்க தம்பி. போன வருஷம் ஒருத்தர் கேட்ட விலையில முக்கால்வாசி குடுத்தாப் போதும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். விலை இன்னும் இறங்குமா, இதற்கு மேல் இறங்காதா என்பதுதான் என் கவலை.

பக்கத்துக் கடைக்காரர் ஒரு முஸ்லிம் ஜவுளி வியாபாரி. அண்ணன் என்கிற முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். கொழும்பிலிருந்து பத்திரிகை வரவழைத்து, தேயிலை ஏல விலையை எனக்கும் படித்துச் சொல்வார். அவர் பத்திரிகையைப் பார்த்தால் நான் என் கடை இலையைப் பார்ப்பேன். தோட்டத்தில் கையில் காசு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக் கங்காணிமார் சோறு சாப்பிடுவார்கள். இல்லாவிட்டால் தேத்தண்ணீரும் ரொட்டியும்தான். இந்தக் கணக்கு அதுவரை என்னை ஏமாற்றியதில்லை.

விலை விழுந்து சில மாதங்கள் கடை காய்ந்து கிடந்தது. அப்புறம் திடீரென்று கூட்டம். ஞாயிறு மட்டுமில்லை, வார நாளிலும் பெஞ்சு நிறைந்தது. இரண்டாம் தடவை உலை வைக்க வேண்டியிருந்தது. கோழி விலைகூடப் பாதியாகக் குறைந்தது. தோட்டத்து ஆட்கள் கூடையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். நல்ல காலம் திரும்பிவிட்டது, பத்திரிகைக்கே தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அரிசி வியாபாரியின் மண்டிக்கு நடந்துபோய், "கட்டடத்தை நானே எடுத்துக்கிறேன் முதலாளி" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மனைவியிடம் சொன்னபோது அவள் பானை கழுவிக்கொண்டிருந்தாள். "யாரைக் கேட்டு வாக்குக் குடுத்தீங்க?" என்றாள்.

"கூட்டத்தப் பாக்கலையா நீ?"

"நான் பாக்குற கூட்டம் வேற. நாளைக்குக் காலையில கொஞ்சம் பின்வாசல்ல வந்து நில்லுங்க."

மறுநாள் போய் நின்றேன். ஆம்பளைகள் முன்னால் சாப்பிடும்போது, பெண்கள் பிள்ளைகளோடு கொல்லைப்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். கம்பளியில் கட்டிய மூட்டைகள், பித்தளைக் குடம், ஒரு முருகன் படம். சுவரோரம் அம்மிக்கல்கள் சாய்ந்து கிடந்தன. தூக்கிக்கொண்டு ரயில் ஏற முடியாது என்று என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனவை. குழந்தைக்கு வெந்நீர் கேட்டு நின்ற ஒருத்தியிடம், எந்தத் தோட்டம் என்று கேட்டேன்.

"பசறைப் பக்கங்க. வேலை இல்லைன்னு பேரை வெட்டிட்டாங்க. தெமோதரை வரைக்கும்தான் ரயில் வந்திருக்கு, அங்க நடந்துபோய் ஏறணும்."

"எங்க போறீங்க?"

"கடல் தாண்டி ஊருக்குத்தான். அங்க யாரு இருக்காங்கன்னுதான் தெரியல."

இத்தனை நாள் நான் சந்தோஷமாகச் சோறு போட்டது, வேலை போய் தோட்டத்தைக் காலி செய்துகொண்டு போனவர்களுக்கு. வளர்த்த கோழியைக் கொண்டுபோக முடியாமல் அவர்கள் விற்றதால்தான் கோழியும் மலிந்தது.

நேரே நானாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பத்திரிகையை மடித்தபடி, "ஆனா ஏலத்துல விலை கொஞ்சம் ஏறியிருக்கே" என்றார். சற்று யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "கொழுந்து எடுக்கறத எல்லாத் தோட்டத்துலயும் குறைச்சுட்டாங்க. சரக்கு குறைஞ்சா விலை ஏறத்தான் செய்யும். அதுக்காக நாளைக்கே ஆளக் கூப்பிட மாட்டாங்க தம்பி. அது வரைக்கும் நம்ம கடைக்கு யாரு வரப்போறா?"

அரிசி வியாபாரியிடம் திரும்பிப் போக வெட்கமாக இருந்தது. போனேன். நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்தது. "வாக்குன்னா வாக்குத்தானே?" என்றார். பிறகு தராசுத் தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, "எனக்கும் அரிசி மூட்டை நகரலை. நீங்க பொய் சொல்லலைன்னு தெரியுது. இப்ப இருக்கட்டும்" என்றார். வாடகையையும் கொஞ்சம் குறைத்தார்.

நானா சொன்னபடியே கூட்டம் கரைந்தது. போக வேண்டியவர்கள் போய் முடித்திருந்தார்கள். சில நாள் ஆக்கிய சோற்றை நாங்களே இரண்டு வேளை சாப்பிட்டோம். மழைக்காலம் வந்தபோது வியாபாரி மறுபடி வந்து, முதலில் கேட்டதில் பாதி விலை சொன்னார். கடனுக்குப் பயந்து நான் வேண்டாம் என்றேன். மனைவி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்: "வாங்குங்க."

"இன்னும் இறங்கும்னுதானே அன்னிக்கு என்னப் பின்வாசல்ல நிக்க வச்ச?"

"இறங்கட்டும். வேற எவனாவது வாங்கி நம்மள எழுப்பிவிட்டா அடுப்ப எங்க கொண்டுபோய் வைப்பீங்க?"

அவளுடைய வளையல்களும் சங்கிலியும் போயின. வாங்கினோம். விலை அதற்குப் பிறகும் இறங்கியது. நானாவால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. எங்களைவிடக் குறைவான விலைக்குத் தம் கடையை விற்றுவிட்டுத் பண்டாரவளையில் இருந்த தம் தம்பியோடு போய்ச் சேர்ந்தார். போகும் நாளில் எங்களிடம் சாப்பிட்டார். இலைக்குக் காசு வாங்க மாட்டேன் என்றதற்கு, "இந்தக் காலத்துல அப்பிடியெல்லாம் செய்யாதீங்க" என்று கோபித்துக்கொண்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

தேயிலை மெதுவாகத் தேறியது. தோட்டங்களில் மறுபடி பேர் பதிந்தார்கள். ரயிலும் வந்தது. ஸ்டேஷன் பக்கம் புதுக் கடைகள் முளைத்து, எங்கள் வியாபாரத்தில் ஒரு பங்கை இழுத்துக்கொண்டன. கட்டடத்துக்கு நாங்கள் கொடுத்த விலை திரும்பி வர வெகுகாலம் ஆயிற்று. அதற்குள் கூரைத் தகரத்தை மாற்றி, பின்பக்கம் ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தோம். விலை கேட்டு வந்தவர்களுக்கு, விற்கிற எண்ணம் இல்லை என்று என் மனைவியே சொல்லி அனுப்பிவிடுவாள்.